டொமினிக்கன் இசை கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு: தகரச் சத்தத்திலிருந்து ஆரம்பியுங்கள்

பச்சாத்தா என்ற டொமினிக்கன் நடன இசையின் பெயர் நம்மில் பலருக்கு நடன வகுப்பு விளம்பரத்தில்தான் அறிமுகமாகிறது. சென்னையிலும் பெங்களூரிலும் சால்சாவோடு சேர்த்து அதையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கொஞ்ச நாள் ஆடிவிட்டு, "இதெல்லாம் எந்த ஊர்ப் பாட்டு, இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது?" என்று தேட ஆரம்பிக்கிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆட விருப்பமில்லை, கேட்டால் போதும் என்கிறவர்களுக்கும் இது பயன்படும். இசைப் பயிற்சி வேண்டாம், ஸ்பானிய மொழியும் தெரிந்திருக்க வேண்டாம். சுமாரான ஹெட்ஃபோன் ஒன்று இருந்தால் நல்லது. கைப்பேசி ஸ்பீக்கரில் பாஸ் என்ற கனத்த அடியோசை கேட்காது. பாஸ் கேட்காவிட்டால் இந்த இசையில் பாதி போய்விடும்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. பாட்டுச் செயலியில் 'டொமினிக்கன்' என்று தேடினால் நேற்று வந்த ஹிட் பாட்டுதான் முதலில் வரும். குரலும் கிட்டாரும் முன்னால் நிற்கும். தாளக் கருவிகள் எங்கோ அடியில் கிடக்கும். இந்த இசையைப் பிடிக்க அதற்கு எதிர்த்திசையில் போவதுதான் சுலபம் என்பது என் எண்ணம். முதலில் அடியில் கிடக்கும் கருவிகள், அப்புறம் அக்கார்டியன், அப்புறம் கிட்டார், கடைசியில் வானொலியே எட்டிப் பார்க்காத மேளங்கள்.

முதலில், எந்த டொமினிக்கன்?

கரீபியன் கடலில் 'டொமினிக்கன்' என்று அழைக்கப்படும் மக்கள் இரண்டு நாடுகளில் இருக்கிறார்கள். ஒன்று டொமினிக்கா: குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் நடுவே இருக்கும் சின்னத் தீவு. ஆட்சி மொழி ஆங்கிலம். வீட்டில் பிரெஞ்சுக் கிரியோல். அவர்களுடைய நாட்டார் இசைக்கு ஜிங் பிங் என்று பெயர். அக்கார்டியன், உரசு கருவி, தம்பால் என்ற தோல் கருவி, பூம்-பூம் என்ற ஊதுகுழல் எல்லாம் அதில் உண்டு. தேடும்போது இதுவும் கலந்து வரும். கேட்டுப் பாருங்கள், நன்றாகவே இருக்கும். ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல.

நாம் பேசப்போவது டொமினிக்கன் குடியரசு. ஹிஸ்பானியோலா தீவின் கிழக்குப் பக்கம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த நாடு, மேற்கே ஹைத்தி. ஸ்பானிய மொழி, ஒரு கோடிக்கு மேல் மக்கள். தலைநகர் சாண்டோ டொமிங்கோ தெற்குக் கடற்கரையில். வடக்கே சிபாவ் என்ற வளமான பள்ளத்தாக்கு, அதன் பெரிய நகரம் சாண்டியாகோ. இந்தத் தெற்கு, வடக்கு வித்தியாசத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அக்கார்டியன் என்றால் சிபாவ். நீளமான மரமேளங்கள் என்றால் பெரும்பாலும் தெற்கும் தலைநகரின் சுற்றுப்புறமும்.

குவிராவைப் பிடியுங்கள்

இந்த நாட்டின் இன்னொரு பெரிய நடன இசையான மெரெங்கேயானாலும் பச்சாத்தாவானாலும், பாட்டு ஓடும்போது விடாமல் 'ச்சீ-ச்சிகி, ச்சீ-ச்சிகி' என்று ஒரு தகரச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் குவிரா. கையில் பிடித்துக்கொள்ளும் உலோக உருளை. தகட்டை விரித்து வைத்து, ஆணியும் சுத்தியலும் கொண்டு வரிசை வரிசையாகப் புள்ளி குத்துவார்கள். மறுபக்கத்தில் சின்னச் சின்ன முடிச்சாகப் புடைத்துக்கொள்ளும். புடைப்பு வெளியே இருக்கும்படி தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்தால் கருவி தயார். அதன் மேல் கம்பிப் பற்கள் கொண்ட ஒரு சீவுளியால் உரசுவார்கள்.

கேட்பதற்கு எளிமையாகத் தெரியும். ஆனால் குவிராக்காரர் தடுமாறினால் மொத்தக் குழுவும் தடுமாறும். கீழ்நோக்கி ஒரு நீண்ட உரசல், உடனே மேலும் கீழுமாகக் குட்டி உரசல்கள். பாட்டு சூடாகும்போது சத்தம் அகலமாகிறது, பாடகர் வாய் திறக்கும்போது மெலிகிறது. ஒரு பழைய மெரெங்கேயை எடுத்துக்கொண்டு, பாடகரை முழுசாக மறந்துவிட்டு, இந்தத் தகரத்தை மட்டும் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை காதால் பின்தொடருங்கள். பாதியில் காது பாட்டுக்குத் தாவும். பரவாயில்லை, இழுத்துக்கொண்டு வாருங்கள். இந்தப் பயிற்சியைத் தாண்டிவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

தம்போராவின் இரண்டு பக்கம்

அடுத்தது தம்போரா. குடைந்த மரத்தில் இரண்டு பக்கமும் ஆட்டுத்தோல் போர்த்து கயிற்றால் இழுத்துக் கட்டிய மேளம். ஒரு பக்கம் கிடாவின் தோல், மறுபக்கம் பெட்டையின் தோல் என்று ஒரு சொல்லும் உண்டு. உட்கார்ந்து, மடிமேல் குறுக்கே கிடத்தி வாசிப்பார்கள். நம் தவில்காரர் ஒரு கையில் குச்சியும் மறு கையில் விரலுமாக வாசிக்கிறாரே, தம்போராவும் அந்த வகையறாதான்: ஒரு கையில் குச்சி, மறு கை வெறுங்கை.

காதில் விழும் சத்தங்களைப் பிரித்துப் பாருங்கள். குச்சி தோலில் விழுந்தால் திறந்த, கனத்த ஓசை. குச்சி மரத்தின் விளிம்பில் விழுந்தால் 'டக்' என்று வறண்ட ஓசை. உள்ளங்கை மறுபக்கத் தோலில் அறைந்தால் மூடிய ஓசை. மெரெங்கேயின் அடிப்படைச் சுழற்சியில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் திறந்த அடிகள் மளமளவென்று உருண்டு வந்து அடுத்த சுற்றின் முதல் அடியில் போய் விழும். அந்த உருட்டல்தான் ஆடுகிறவர்களை முன்னால் தள்ளுகிறது. தாளம் இரண்டு எண்ணிக்கைதான்: இடது, வலது, இடது, வலது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கால். மெரெங்கே ஆடக் கற்க அரை மணி நேரம் போதும் என்று சொல்வது இதனால்தான். நன்றாக ஆட எவ்வளவு நாள் ஆகும் என்பது வேறு கதை.

இன்னொன்றும் கேட்கலாம். சில பாட்டுகளில் இந்த உருட்டல் இல்லாமல், வேகமும் கொஞ்சம் தணிந்து, அடிகள் அசைந்து அசைந்து வரும். அது பம்பிச்சே, மெரெங்கேயின் சகோதர வகை. இரண்டையும் காது பிரித்துவிட்டால் நீங்கள் புதியவர் இல்லை.

அக்கார்டியனும் சிபாவும்

இப்போது மேலே ஏறலாம். நாட்டுப்புற மெரெங்கேயை அவர்கள் மெரெங்கே திப்பிக்கோ என்பார்கள். பழைய பேச்சுவழக்கில் பெரிக்கோ ரிப்பியாவ். பொத்தான் அக்கார்டியன், தம்போரா, குவிரா மூன்றும் இருந்தால் குழு பூர்த்தி. பாஸுக்கு முன்பு மரிம்புலா இருந்தது: ஒரு மரப்பெட்டி, அதன் முகத்தில் உலோக நாக்குகள். வாசிப்பவர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, குனிந்து, நாக்குகளை விரலால் மீட்டுவார். இப்போது அந்த இடத்தைப் பெரும்பாலும் எலெக்ட்ரிக் பாஸ் கிட்டார் பிடித்துக்கொண்டது. சாக்ஸஃபோனும் சேர்ந்துகொண்டது.

அக்கார்டியன் இங்கே வந்தது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். சிபாவில் புகையிலை விளைந்தது, அதை வாங்க ஜெர்மன் வியாபாரிகள் வந்தார்கள். கூடவே அக்கார்டியனும் வந்தது. அதற்கு முன் மெரெங்கேயைத் தந்திக் கருவிகளில்தான் வாசித்தார்கள். இந்த வகை அக்கார்டியனில் ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டு துருத்தியைத் தள்ளினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் வேறு ஸ்வரம். அதனால் கலைஞரின் கை சும்மாவே இருக்க முடியாது. தள்ளி இழுத்துத் தள்ளி இழுத்துத்தான் மெட்டு வரும். அந்தத் துள்ளல் திப்பிக்கோவின் உடம்பிலேயே இருக்கிறது. பியானோ அக்கார்டியனில் இதே மெட்டை வாசித்தால் வழவழவென்று போய்விடும்.

யாரைக் கேட்பது? நாலே பேர் போதும். ஞிக்கோ லோரா என்ற முன்னோடி: 1880-இல் பிறந்து 1971 வரை வாழ்ந்தவர். இன்றும் குழுக்கள் வாசிக்கும் பல மெட்டுகள் அவருடையவை. மற்றவர்கள் வாசித்தாலும் அவர் பெயரைச் சொல்லித்தான் வாசிப்பார்கள். அடுத்து தாத்திக்கோ என்ரிக்கேஸ். 1976-இல் விபத்தில் இளவயதிலேயே இறந்துபோனார். ஆனாலும் இன்றைய அக்கார்டியன்காரர்கள் எல்லாரும் அவரைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். ஒலிப்பதிவு பழசு, கொஞ்சம் இரையும். இரண்டு பாட்டுக்குள் அது காதுக்குப் பழகிவிடும். மூன்றாவது, ஃபெஃபீத்தா லா கிராந்தே. ஆண்களே ஆண்ட மேடையில் அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி, பல பத்தாண்டுகளாக இறங்காத பெண்மணி. இவருடைய மேடை நிகழ்ச்சிகளைக் காணொளியில் பார்க்க வேண்டும், கேட்டால் மட்டும் போதாது. நான்காவது, எல் புரோதீகியோ என்ற பெயரில் வாசிக்கும் கிரென்சி கார்சியா. திப்பிக்கோவை ஜாஸ் பக்கம் தள்ளிப் பார்த்தவர். அவரைக் கடைசியில் கேளுங்கள். பழசு தெரிந்தால்தான் அவர் எதை உடைக்கிறார் என்று தெரியும்.

தேடும்போது ஒரு சின்ன உபாயம்: 'மெரெங்கே' என்று மட்டும் போட்டால் நகரத்துப் பெரிய இசைக்குழுக்கள்தான் வரும். 'திப்பிக்கோ' என்ற சொல்லையும் ஸ்பானிய எழுத்தில் (típico) சேர்த்துக்கொள்ளுங்கள்.

சர்வாதிகாரியின் நடனம்

இதை வேகமாகத் தாண்டிவிடலாம், ஆனால் தாண்டாமல் விட முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே நகரத்துப் பெரிய மனிதர்கள் மெரெங்கேயைப் பண்பாடற்ற ஆட்டம் என்று பத்திரிகையில் திட்டினார்கள். சாண்டியாகோவின் வசதியான மன்றங்களில் அக்கார்டியன்காரருக்கு இடமில்லை. 1930-இல் ரஃபேல் ட்ருஹியோ ஆட்சிக்கு வந்தார். தேர்தல் பிரசாரத்துக்கே பெரிக்கோ ரிப்பியாவ் கலைஞர்களைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர். பெரிய மனிதர்களின் மன்றங்கள் அவரைத் தள்ளிவைத்திருந்தன. அவர்கள் வெறுத்த இசையையே தேசிய இசையாக்கி, அவர்களையே ஆட வைத்தார். சாண்டியாகோவிலிருந்து லூயிஸ் ஆல்பெர்த்தியின் இசைக்குழுவைத் தலைநகருக்கு வரவழைத்து அதற்குத் தன் பெயரையே வைத்தார். அவருடைய தம்பி நடத்திய லா வோஸ் டொமினிக்கானா வானொலி இந்த இசையை நாடெங்கும் கொண்டுபோனது. ட்ருஹியோவைப் புகழும் மெரெங்கேகள் எண்ணிக்கையில்லாமல் எழுதப்பட்டன.

ஆல்பெர்த்தியின் பெயரில் இருக்கும் 'கொம்பாத்ரே பெத்ரோ ஹுவான்' என்ற பாட்டை மட்டும் இந்த இடத்தில் கேளுங்கள். மெரெங்கேயின் மூன்று பகுதிகளும் அதில் தெளிவாகக் கேட்கும். முதலில் பசேயோ: ஜோடிகள் கைகோத்து மெதுவாக நடந்துவரும் முன்னுரை. அடுத்து பாட்டு. கடைசியில் ஹலேயோ: சின்னச் சின்ன வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சுழற்றும் பகுதி, கேள்வியும் பதிலுமாக. இன்றைய பாட்டுகளில் பசேயோ காணாமல் போய்விட்டது; ஹலேயோ வளர்ந்து பாட்டையே விழுங்கிவிட்டது.

1961 மே 30 அன்று ட்ருஹியோ சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு ஜானி வெந்துரா வந்து மெரெங்கேயின் வேகத்தை ஏற்றி, குழுவைச் சின்னதாக்கி, மேடையில் ஆடிக்கொண்டே பாடினார். பின்னாளில் அவர் தலைநகரின் மேயராகவும் இருந்தார். மெரெங்கேயின் இந்தக் கட்டம் பிடித்திருந்தால் அவரிடமிருந்து வில்ஃப்ரீதோ வர்காஸ், அங்கிருந்து ஹுவான் லூயிஸ் கெர்ரா என்று போகலாம். சால்சாவைத் தேடி வந்தவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: சால்சாவின் தாய்வீடான ஃபேனியா ரெக்கார்ட்ஸை 1964-இல் நியூயார்க்கில் கூட்டாகத் தொடங்கிய ஜானி பச்சேக்கோ பிறந்தது சாண்டியாகோவில்தான். ஆனால் சால்சா டொமினிக்கன் இசையல்ல. அதன் வேர் கியூபா. நடன வகுப்புகள் இரண்டையும் ஒரே பையில் போட்டுவிடுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பச்சாத்தா: நாலாவது அடியில் காதை வையுங்கள்

ட்ருஹியோ குடும்பத்தின் பிடி தளர்ந்ததும் ஒலிப்பதிவு அறைகளின் கதவு ஏழைகளுக்கும் திறந்தது. 1962-இல் ஹோசே மனுவேல் கால்டெரோன் பதிவுசெய்த கிட்டார்ப் பாட்டுகளைத்தான் முதல் பச்சாத்தாப் பதிவு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கிராமத்திலிருந்து தலைநகரின் குடிசைப் பகுதிகளுக்கு வந்து சேர்ந்தவர்களின் இசை அது. காதல் தோல்வி, துரோகம், குடி. அமார்கே, அதாவது கசப்புப் பாட்டு என்றுதான் அப்போது அழைத்தார்கள். கௌரவமான வானொலிகள் கிட்டே சேர்க்கவில்லை. ரேடியோ குவாரச்சீத்தா ஒன்றுதான் தைரியமாகப் போட்டது. மற்றபடி மதுக்கடை, விலைமாதர் விடுதி, தெருமுனை மளிகைக்கடை. கொல்மாடோ என்ற அந்தக் கடைகளில் அரிசி, எண்ணெயும் வாங்கலாம், வாசலில் உட்கார்ந்து பீரும் குடிக்கலாம், பாட்டும் அலறும்.

கருவிகளைப் பிரிப்போம். ரெக்கின்டோ என்ற முன்னணிக் கிட்டார் மணிமணியாக ஒவ்வொரு தந்தியாக மீட்டும். பாடகர் மூச்சு வாங்கும் இடமெல்லாம் அதுதான் அழும். செகுந்தா என்ற இரண்டாம் கிட்டார் பின்னால் தாளத்தோடு வருடிக்கொண்டிருக்கும். பாஸ், போங்கோ என்ற இரட்டைக் குட்டி மேளம், பிறகு நம் குவிரா. பழைய பதிவுகளில் குவிராவுக்குப் பதில் மராக்கா என்ற கிலுகிலுப்பை கேட்கும்.

இதில் நாலு எண்ணிக்கை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிக்கொண்டே கேளுங்கள். நாலில் போங்கோவின் பெரிய பக்கம் 'தூம்' என்று திறந்து ஒலிக்கும். நடனத்தில் மூன்று அடி வைத்து நாலாவதில் காலைத் தட்டி இடுப்பை விடுகிறார்களே, அது இந்த 'தூம்' சத்தத்துக்காகத்தான். வகுப்பில் எண்ணி எண்ணி ஆடியவர்கள் இந்த ஒலியை ஒருமுறை பிடித்துவிட்டால் எண்ணுவதை நிறுத்திவிடலாம். பாஸைக் கவனித்தால் அது பெரும்பாலும் ஒன்றிலும் மூன்றிலும் நாலிலும் விழுவது தெரியும். இரண்டில் ஒரு சின்னப் பள்ளம்.

அப்புறம் பாட்டின் போக்கில் தாளம் எங்கே மாறுகிறது என்று பாருங்கள். சரணம் பாடும்போது ஓடுவது தெரேச்சோ, நேர் நடை. பல்லவிக்கு வந்ததும் சில சமயம் எல்லாரும் ஒவ்வொரு அடியையும் அழுத்தி அடிப்பார்கள், அது மஹாவ். பாட்டு நின்று கிட்டார் தனியாகத் துள்ள ஆரம்பிக்கும்போது போங்கோக்காரர் மேளத்தை விட்டுவிட்டு மணியை எடுத்துக்கொள்வார், அது மாம்போ. இந்த மூன்று மாற்றங்களையும் சொல்லத் தெரிந்தவர் ஆட்டத்தில் தனியாகத் தெரிவார்.

கேட்கும் வரிசை: முதலில் கால்டெரோன், அடுத்து லூயிஸ் செகூரா, லியோனார்தோ பனியாகுவா. இவர்கள் குரலில் இருக்கும் அழுகைக்குக் காது பழகட்டும். பிறகு பிளாஸ் துரான்: 1987-இல் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்து வேகத்தைக் கூட்டினார். இரட்டை அர்த்தப் பாட்டுகள் நிறைய. ஸ்பானியம் தெரிந்த பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் சத்தத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. அதன் பின் லூயிஸ் வர்காஸும் அந்தோனி சாண்டோஸும். அந்தோனி சாண்டோஸ் முதலில் வர்காஸின் குழுவில் குவிரா வாசித்தவர். பிறகு பிரிந்துபோய், 1990-களின் தொடக்கத்தில் நாடு முழுக்க ஒலித்தார். அவருடைய கிட்டார் நடையில் அந்தத் தகரத் தாளம் இன்னமும் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

ஹுவான் லூயிஸ் கெர்ராவை நான் வேண்டுமென்றே இங்கே தள்ளிவைத்தேன். பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தவர்; 1990-இல் அவர் வெளியிட்ட 'பச்சாத்தா ரோசா' கிராமி விருது வாங்கி, பச்சாத்தா என்ற பெயரையே உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அருமையான பாட்டுகள்தான். ஆனால் அதில் முதலில் இறங்கினால், பச்சாத்தா என்றால் நீவிச் சீவிய நேர்த்தியான இசை என்ற எண்ணம் உறைந்துவிடும். கொல்மாடோவின் கரகரப்பைக் கேட்டுவிட்டு இவரிடம் வந்தால் அவர் என்ன செய்திருக்கிறார் என்பது இன்னும் நன்றாகவே புரியும். நியூயார்க்கின் பிராங்க்ஸில் வளர்ந்த அவெந்துரா குழுவும் அதிலிருந்து வந்த ரோமியோ சாண்டோஸும் அதற்கும் பிறகு. நம் ஊர் வகுப்புகளில் உடம்பை அலை அலையாக வளைக்கும் 'சென்சுவல்' பாணி இருக்கிறதே, அது ஸ்பெயினில் உருவானது. டொமினிக்கன்காரர்கள் அப்படி ஆடுவதில்லை; கால் வேலைதான் அவர்களுக்கு.

வானொலிக்கு வராத மேளங்கள்

பலரும் மெரெங்கே, பச்சாத்தாவோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு இந்த நாட்டின் இசையில் மிகவும் பிடித்தது இதற்கு மேல் வருவதுதான்.

பாலோஸ் என்பவை குடைந்த மரத்தில் செய்த நீளமான மேளங்கள், ஒரு பக்கம் மட்டும் மாட்டுத்தோல். ஊருக்கு ஊர் இரண்டோ மூன்றோ இருக்கும். பெரியது பாலோ மயோர், அது பேசும். சின்னவை அல்காவேத்தே, அவை தாளத்தைத் தாங்கும். கூடவே குவிரா. ஒருவர் ஒரு வரி பாட, சுற்றியிருப்பவர்கள் அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். புனிதர்களுக்கான இரவு வழிபாட்டில், வீட்டு முற்றத்தில், பலிபீடத்துக்கு முன்னால் இது நடக்கும். வெலாசியோன் என்று பெயர். விடியவிடிய ஓடும். யாராவது ஒருவர் மேல் ஆவி இறங்கினால் யாரும் அதிர்ச்சி அடைய மாட்டார்கள், மேளம் நிற்காது.

சால்வே என்பது மரியன்னைக்கான பாடல். ஒரு வகை தேவாலயத்துப் பாடல் போல வாத்தியமே இல்லாமல் நீண்டு போகும். இன்னொரு வகை பந்தேரோ என்ற கைப்பறையும் சின்ன மேளங்களும் சேர்ந்து துள்ளும். தலைநகருக்கு வடக்கே வியா மேயா பக்கத்தில், மாத்தா லோஸ் இந்தியோஸ் என்ற ஊரைச் சேர்ந்த எனெரோலிசா நூன்யெஸின் குழுவைத் தேடிக் கேளுங்கள். அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி எதற்கு என்று தோன்றும்.

அதே வியா மேயாவில்தான் பரிசுத்த ஆவியின் கொங்கோஸ் என்ற சகோதர சங்கம் இருக்கிறது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் கலப்பினத்தாரும் 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கியதாகச் சொல்லப்படும் சங்கம். 2001-இல் யுனெஸ்கோ முதல்முறை அறிவித்த உலகப் பாரம்பரியக் கலைகளின் பட்டியலிலேயே இடம்பிடித்தது. மெரெங்கேக்கு அந்த மரியாதை 2016-இலும் பச்சாத்தாவுக்கு 2019-இலும்தான் கிடைத்தது. பெரிய மேளம் ஒன்று, சின்ன மேளம் ஒன்று, மராக்காக்கள், பிறகு கனோயீத்தா: தோணி போலக் குடைந்த சின்னக் கட்டையும் அதைத் தட்டும் குச்சியும். பெந்தகோஸ்தே திருநாளிலும் உறுப்பினர்களின் சாவுச் சடங்குகளிலும் வாசிப்பார்கள். இறந்து மூன்றாம் ஆண்டு பங்கோ என்ற சடங்கு: இறந்தவருக்குப் பதிலாக ஒரு பொம்மை வைக்கப்படும். அன்றுதான் அவர் குடும்பத்தாரிடம் முறைப்படி விடைபெற்று, தன் பொறுப்பை அடுத்தவரிடம் கொடுக்கிறார் என்பது நம்பிக்கை. 2008-இல் காலமான சிக்ஸ்தோ மினியேர் நீண்ட காலம் இச்சங்கத்தின் தலைவராக இருந்தவர்.

ககா இன்னும் ஒரு படி வெளியே இருப்பது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய வந்த ஹைத்தியர்களோடு வந்த இசை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து புனித வாரத்தில் ஊர்வலம் கிளம்பும். ஊதுபவர்களைக் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மூங்கில் குழாய். நீளத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஸ்வரம். ஒருவர் 'பூ' என்பார், அடுத்த நொடியில் வேறொருவர் இன்னொரு உயரத்தில் 'பூ' என்பார். நாலைந்து பேர் மாறி மாறி ஊதும்போது நடுவில் ஒரு மெட்டு பிறக்கிறது. அது யாருடையதும் இல்லை. ஒருவர் மூச்சு விட்டால் ஓட்டை விழும். ஊதிக்கொண்டே மறு கையிலுள்ள குச்சியால் குழாயைத் தட்டித் தாளமும் போட்டுக்கொள்வார்கள், நடந்துகொண்டே.

இவை ஏன் இவ்வளவு காலம் பின்னால் கிடந்தன? 1937-இல் ஹைத்தி எல்லையில் ஆயிரக்கணக்கான ஹைத்தியர்களைக் கொல்ல வைத்தது ட்ருஹியோ ஆட்சிதான். நாட்டை ஸ்பானிய, வெள்ளை நாடாகக் காட்டிக்கொள்ள விரும்பியவர்களுக்கு அக்கார்டியன் வசதியாக இருந்தது, நீளமேளம் வசதியாக இல்லை. 1970-களுக்குப் பிறகு ஃபிராதீக்கே லிசார்தோ போன்ற நாட்டாரியலாளர்களும் லூயிஸ் தியாஸ் போன்ற இளம் இசைக்கலைஞர்களும் கிராமம் கிராமமாகப் போய் இவற்றைக் கேட்டு முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்.

நேரில் போகிறவர்களுக்கு

நாட்காட்டியைப் பார்த்துப் பயணத்தை வையுங்கள். பிப்ரவரியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் திருவிழா, குறிப்பாக லா வேகாவில். புனித வாரத்தில் கரும்புத் தோட்டப் பகுதிகளில் ககா. பெந்தகோஸ்தேயில் வியா மேயாவும், மேற்கே சான் ஹுவான் தெ லா மகுவானாவும். ஜூன் 24-ஐ ஒட்டி பனீ நகரில் சரந்துங்கா: புனித யோவானுக்கு மூன்று குட்டி மேளங்களோடு ஆடும் ஆட்டம். ஜூன் 29 அன்று சான் பெத்ரோ தெ மக்கோரிஸில், ஆங்கிலம் பேசும் தீவுகளிலிருந்து சர்க்கரை ஆலைக்கு வந்தவர்களின் வழியினர் ஆடும் குலோயா ஆட்டத்தைப் பார்க்கலாம். கிறிஸ்துமஸிலும் அவர்கள் தெருவுக்கு வருவார்கள். நவம்பர் 26 தேசிய மெரெங்கே நாள்.

மற்ற நாட்களில் போனால் சாண்டியாகோதான் பாதுகாப்பான தேர்வு. பகலில் சென்ட்ரோ லியோன் அருங்காட்சியகம். இரவில் எங்கே திப்பிக்கோ குழு வாசிக்கிறது என்று டாக்சி ஓட்டுநரைக் கேளுங்கள். 'கார் வாஷ்' என்று பதில் வந்தால் திகைக்க வேண்டாம்: அங்கே வண்டி கழுவுமிடங்கள் இரவில் குடி, ஆட்டம், கச்சேரி எல்லாம் நடக்கும் கொட்டகைகளாகிவிடும். நிகழ்ச்சி தாமதமாகத்தான் தொடங்கும். சத்தம் பயங்கரமாக இருக்கும். காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

வெலாசியோனுக்கு அழைப்பு கிடைத்தால் அது கச்சேரியல்ல, ஒரு வீட்டு வழிபாடு என்பதை மறக்காதீர்கள். முதலில் வீட்டுக்காரரைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். அனுமதி கேட்காமல் கைப்பேசியைத் தூக்க வேண்டாம், அதுவும் ஆவி இறங்கியவரை ஒருபோதும் படமெடுக்க வேண்டாம். மேளத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்பதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். பதில் வரியைப் பாடுவதற்கு மட்டும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, சேர்ந்துகொள்ளுங்கள்.

வாசிக்க ஆசை வந்தால்

அக்கார்டியனில் ஆரம்பிக்காதீர்கள். விலையும் அதிகம், நம் ஊரில் சொல்லிக்கொடுக்க ஆளும் கிடைப்பது கஷ்டம். குவிரா வாங்கலாம், இணையத்தில் கிடைக்கிறது. வாங்கும்போது தகடு ரொம்ப மெல்லியதாக இருந்தால் சத்தம் கீச்சென்று இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். இடது கையில் நிமிர்த்திப் பிடித்து, வலது மணிக்கட்டைத் தளர்த்தி, முழங்கையிலிருந்து அடிக்காமல் மணிக்கட்டிலிருந்து உரசுங்கள். முதலில் மெதுவான பச்சாத்தாக்களோடு சேர்ந்து வாசிக்கப் பழகுங்கள், பிறகு பம்பிச்சே, கடைசியில் திப்பிக்கோ. திப்பிக்கோவின் வேகத்தில் ஒரு முழுப் பாட்டுக்கும் கை வலிக்காமல் தாக்குப்பிடிக்க மாதக்கணக்கில் ஆகும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.